பரணில் கிடந்த கம்பெனி சைலன்சர்: 11 மாதம் ஓட்டிய பிறகு எழுதுகிறேன்

வண்டி வாங்கிய மூன்றாவது வாரமே கழற்றிப் பரணில் போட்ட கம்பெனி சைலன்சரைப் பற்றித்தான் இந்த விமர்சனம். புதுப் பொருளுக்கு மட்டும்தான் விமர்சனம் எழுத வேண்டும் என்று ஒன்றும் இல்லையே. வண்டியோடு சேர்ந்து வந்துவிடுவதால் இதை யாரும் ஒரு பொருளாகவே மதிப்பதில்லை, இதற்கு விளம்பரம் கிடையாது, மாட்டிவிட்டு முறுக்கிக் காட்டுகிற வீடியோ கிடையாது. நானும் நான்கு வருடம் பழைய போர்வையில் சுற்றி மூலையில் வைத்திருந்தேன். அந்த நான்கு வருடமும் வண்டியில் இருந்தது ஒரு ஆஃப்டர்மார்க்கெட் ஸ்லிப்-ஆன், அதாவது கம்பெனி சைலன்சருக்குப் பதிலாக மாட்டிக்கொள்ள வேறு ஆட்கள் செய்து விற்கிற சைலன்சர். வண்டி 650 சிசி, இரண்டு சிலிண்டர், ஒற்றை சைலன்சர். நீண்ட பயணத்துக்கென்றே வாங்கியது, வருடத்துக்கு இரண்டு பெரிய ரைடு, நடுவில் வார இறுதிகளில் சின்னச் சின்ன ரைடு. ஆகவே இதில் எழுதுவதெல்லாம் தினசரி ஆபீஸ் போய் வருகிறவர்களைவிட, சாமான் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

ஏன் மாற்றினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரியாமல் மற்றதைப் படித்துப் பிரயோஜனம் இல்லை.

போன வருடம் ஐந்து பேராகக் கிளம்பினோம். நான்காவது நாள், மலைப்பாதை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு சின்ன ஊர். ஊர் என்றால் ஒரே தெரு, அந்தத் தெருவேதான் நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் வீட்டு வாசல் நேராக ரோட்டில் திறக்கிறது. அங்கே வைத்து என் பின் டயரில் ஆணி ஏறிவிட்டது. பஞ்சர் கிட் முன்னால் போன நண்பன் பையில் இருந்தது. போன் செய்தேன், திரும்பி வருகிறோம் என்றார்கள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தபோது எதிர் வீட்டு அம்மா கூப்பிட்டுப் படியில் உட்காரச் சொன்னார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை நாள் ஆகும், வீட்டில் பயப்பட மாட்டார்களா என்று பேசிக்கொண்டே இருந்தவர், பேச்சின் நடுவில் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை, எனக்கு ஒன்றுமே கேட்கவும் இல்லை. பத்துப் பதினைந்து வினாடி கழித்துத்தான் வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு உறுமல் மெல்ல வர ஆரம்பித்தது.

"எப்படிம்மா முன்னாடியே தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"சனி, ஞாயிறுன்னா காது தானா அந்தப் பக்கமே இருக்கும் தம்பி. உள்ளே பேத்தி தூங்கறா," என்றார். கொஞ்சம் கேட்டுவிட்டு, "நாலு வண்டி வருது" என்றும் சொன்னார்.

நான்கு வண்டிதான். என் நண்பர்கள். கடைசி வளைவில் கியரைக் குறைத்து ஊருக்குள் நுழைந்தபோது அந்தச் சத்தம் இரண்டு பக்கச் சுவரிலும் மோதி மோதி வந்தது, சாத்தியிருந்த ஜன்னலின் கண்ணாடி சட்டத்துக்குள் கிணுகிணுவென்று ஆடியது. படியில் வைத்திருந்த என் கையில் அந்த அதிர்வு தெரிந்தது. உள்ளே குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை, எழுந்து உள்ளே போனார், அவ்வளவுதான். அந்த நான்கில் மூன்று வண்டி என்னுடையதைவிடச் சத்தம் குறைவு. இந்த ஒரு விஷயம் அன்றைக்கு முழுக்க மனதை அறுத்துக்கொண்டே இருந்தது.

நான்கு வருடமாக அந்தச் சத்தத்தின் மேல் உட்கார்ந்து போயிருக்கிறேன், ஒரு நாளும் அதை இப்படிக் கேட்டதில்லை. கேட்கவும் முடியாது. குழாய் பின்பக்கம் பார்த்து இருக்கிறது, நாம் அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம், தலையில் ஹெல்மெட், வேகம் கூடினால் காற்றின் இரைச்சல், இதற்கு மேல் காதில் இயர்பிளக். ஓட்டுகிறவனுக்கு வருவது ஒரு மெத்தையான தாளம். தெருவில் இருக்கிறவர்களுக்குப் போவது வேறு ஒரு பொருள். இதை எத்தனை பேர் சொல்லியும் நம்பாமல் இருந்தவன் நான்.

மறுநாளே இன்னொரு சின்ன ஊரில் சோதனையில் மாட்டிக்கொண்டேன். ஊர் எல்லையிலேயே பெரிய பலகை, சத்தம் அளக்கப்படும் என்று எழுதியிருந்தது, அதனால் ஏமாற்றிப் பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு காவலர்கள், ஒரு மீட்டர், ஒரு முக்காலி. "சார், ஹெல்மெட்டைக் கழட்டிட்டு வண்டியை இந்தக் கோட்டுக்குள்ள நிறுத்துங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார் ஒருவர். வண்டியின் சட்டத்தில் ஒட்டியிருக்கிற தகட்டைத் தேடி, டார்ச் அடித்துப் படித்தார். அந்தத் தகட்டில் இரண்டு எண் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்: 92 டெசிபெல், 4,000 ஆர்பிஎம் (இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றுகிற எண்ணிக்கை). குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி சாய்வில், குழாயின் அதே உயரத்தில் மைக்கை நிறுத்தினார். மைக்கின் தலையில் பஞ்சு உறை. இன்னொருவர் என்னை 4,000 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரைப் பிடித்து வைத்துவிட்டு, சொன்னதும் சட்டென்று விடச் சொன்னார். மூன்று முறை. 103, 103, 102.

11 டெசிபெல்தானே கூடுதல் என்று நானும் வாதாடினேன். அவர் பொறுமையாகச் சொன்னது இதுதான்: டெசிபெல் ரூபாய் மாதிரி ஒன்றொன்றாகக் கூடுவதில்லை. 3 டெசிபெல் கூடினாலே ஒலியின் ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பு, 10 கூடினால் பத்து மடங்கு. 11 என்றால் பன்னிரண்டு மடங்குக்கு மேல். காதுக்கு அது பன்னிரண்டு மடங்காகக் கேட்காது, சுமார் இரண்டு மடங்காகக் கேட்கும், ஆனால் குழாயிலிருந்து வெளியே போவது அவ்வளவு. கம்பெனி சைலன்சரோடு போகிற பன்னிரண்டு வண்டிகள் ஒன்றாகப் போனால் எவ்வளவோ, அவ்வளவை நான் ஒருவனே தனியாகப் போய்க் கொடுத்திருக்கிறேன்.

அபராதம் கட்டினேன். சரியான சைலன்சரை மாட்டி இரண்டு வாரத்துக்குள் எங்காவது ஒரு சோதனை நிலையத்தில் காட்டிச் சான்று அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வண்டியைப் பிடித்து வைக்கவில்லை. என் கோபமெல்லாம் ஸ்லிப்-ஆன் விற்ற கடை மேல்தான். "ரோடு லீகல் சார், தைரியமா போடுங்க" என்று சொல்லித்தான் விற்றார்கள், பெட்டியிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அந்தச் சான்று உள்ளே டிபி கில்லர் இருக்கும்போது மட்டும்தான் செல்லும். குழாயின் வாயில் செருகி ஒரு ஸ்குரூ போட்டு நிறுத்துகிற ஒரு சின்னத் துளைக்குழல், அதுதான் டிபி கில்லர். மாட்டிக் கொடுத்த அன்றே அதைக் கழற்றி ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்து, "இது தேவையில்லை, சத்தம் அமுங்கிடும்" என்றார்கள். சான்றையும் சேர்த்தே கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு அது தெரியவில்லை. வாங்கும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வியே இதுதான்: இந்தச் சான்று எந்த நிலையில் இருக்கும்போது செல்லும்?

சரி, இனி சைலன்சருக்கு வருகிறேன்.

எடை. சமையலறைத் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தேன். கம்பெனி சைலன்சர் 5 கிலோ 200 கிராம், ஸ்லிப்-ஆன் 2 கிலோ 700. இரண்டரை கிலோ வித்தியாசம் உண்மைதான். ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவருக்கு அது பெரிய விஷயமாக இருக்கலாம். இரண்டு பக்கப் பெட்டி, பின்பெட்டி, கூடாரம், டூல்ஸ், தண்ணீர் எல்லாம் ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு இரண்டரை கிலோ என்பது ஒரு ஜோடி ஷூவையும் ஒரு ஜாக்கெட்டையும் வீட்டில் வைத்துவிட்டு வந்தால் சரியாகிவிடும்.

எடை ஏன் கூடுதல் என்பதற்குக் காரணம் உள்ளே இருக்கிறது. ஸ்லிப்-ஆன் என்பது பெரும்பாலும் ஒரு நேர்க்குழாய்: துளை போட்ட குழல், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு, மேலே ஒரு உறை. புதிதாக இருக்கும்போது அந்தப் பஞ்சு கொஞ்சம் சத்தத்தை உறிஞ்சும். சூட்டிலும் புகையிலும் அது கருகி, பொடிந்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். முதல் வருடம் இருந்ததைவிட நான்காம் வருடம் என் வண்டி அதிகமாகக் கத்தியதற்கு இதுதான் காரணம், இதைத் தினமும் ஓட்டுகிறவன் கவனிக்க மாட்டான். கம்பெனி சைலன்சருக்குள் அறை அறையாகத் தடுத்திருப்பார்கள். புகை ஒரு அறைக்குள் போய், திரும்பி, இன்னொரு குழல் வழியாக அடுத்த அறைக்குப் போகும். சத்தத்தின் அலை சுவரில் மோதித் திரும்பி, பின்னால் வருகிற அலையோடு மோதி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்படி அறையின் நீளத்தைக் கணக்குப் பார்த்து வைத்திருப்பார்கள். தகடு தகடாக வைத்துப் பற்றவைத்த பொருள், அதனால்தான் கனம். இதில் தேய்ந்து தீர்ந்துபோகிற பொருள் என்று எதுவும் பெரிதாக இல்லை. நான்கு வருடம் பரணில் கிடந்தும் மாட்டிய அன்றே அளந்து பார்த்ததில் 91 வந்தது.

மாட்டுவது ஒரு மணி நேர வேலை. என் வண்டியில் ஒரு கிளாம்ப், இரண்டு போல்ட், ஒரு கேஸ்கெட். கழற்றுவதுதான் கஷ்டம், கிளாம்ப் துருப்பிடித்துப் போயிருந்தது, ராத்திரி எண்ணெய் விட்டுவிட்டுக் காலையில் கழற்றினேன்.

பவர். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். 11 மாதம், சுமார் 14,000 கிலோமீட்டர் ஓட்டியதில் எனக்குத் தெரிந்த வரைக்கும் குறைந்தது ஒன்றும் இல்லை. மேலே, ஆர்பிஎம் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வேண்டுமானால் ஒரு துளி குறைந்திருக்கலாம், அங்கே நான் போவதே அபூர்வம். ஆனால் கீழே, 2,500-இலிருந்து 4,000 வரைக்கும், வண்டி இப்போது நன்றாக இழுக்கிறது. மலையில் ஹேர்பின் வளைவில் இரண்டாம் கியரில் மெதுவாக ஏறும்போது முன்பு ஒரு தயக்கம் இருக்கும், கிளட்சைத் தொட வேண்டியிருக்கும், இப்போது அது இல்லை. எரிபொருள் கலவையை இந்த சைலன்சருக்காகத்தான் கம்பெனியில் அமைத்திருக்கிறார்கள், நான் குழாயை மட்டும் மாற்றிவிட்டு மீதியை அப்படியே விட்டிருந்தேன். ஆக்சிலரேட்டரை விட்டதும் பட் பட் என்று வெடிக்குமே, அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். எரியாமல் தப்பிய பெட்ரோல் குழாய்க்குள் போய் எரிகிற சத்தம் அது. இப்போது அது சுத்தமாக நின்றுவிட்டது.

களைப்பு. இதுதான் எனக்கு எதிர்பாராத லாபம். முன்பு 400 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குத் தலைக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கும், யாராவது பேசினால் இரண்டாவது தடவை சொல்லச் சொல்வேன். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் மட்டுமே 90 டெசிபெலைத் தாண்டிவிடும். 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரைதான் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரத்தைப் பாதியாக்கிக்கொள் என்பது அமெரிக்காவின் நியாஷ் என்கிற தொழில்பாதுகாப்பு நிறுவனத்தின் பரிந்துரை. அப்படிப் பார்த்தால் 94-க்கு ஒரு மணி நேரம்தான். காற்றை நாம் ஒன்றும் செய்ய முடியாது, இயர்பிளக் போட்டுக்கொள்ளலாம். அதன் மேல் குழாயின் உறுமலையும் ஏற்றிக்கொள்வதற்கு ஒரு காரணமும் இல்லை. பின்னால் உட்கார்ந்து வருகிற மனைவிக்கு இந்த வித்தியாசம் என்னைவிட அதிகம் தெரிந்திருக்கிறது. அவளுக்குக் குழாய் இன்னும் பக்கம். முன்பு இன்டர்காமில் நான் பேசுவது பாதி கேட்காது என்பாள், இப்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே போகிறோம்.

குறைகளும் இருக்கின்றன. பார்க்க அழகில்லை, கருப்புப் பெயின்ட் அடித்த ஒரு பெரிய டப்பா. வலதுபக்கப் பெட்டியை மூன்று விரல்கடை வெளியே தள்ளி மாட்ட வேண்டியிருக்கிறது, நெருக்கமான சந்தில் அது இடிக்கும். பற்றவைத்த ஓரத்தில் துரு வருகிறது, மழையில் ஓட்டினால் துடைத்து வைக்க வேண்டும். வெப்பத்தடுப்புத் தகட்டின் ரப்பர் வாஷர் ஒன்று காய்ந்து உடைந்துபோய் கரடுமுரடான பாதையில் கிடகிடவென்று ஒரு சத்தம், அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. புதிதாக வாங்கப் போனால் விலை மிகவும் அதிகம், ஸ்லிப்-ஆன் விலையைவிட அதிகமாகக்கூட இருக்கும், அதனால்தான் கழற்றியதைத் தூக்கி எறியாதீர்கள் என்கிறேன்.

இந்த இடத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள், சத்தம் இருந்தால்தானே லாரிக்காரன் நம்மைப் பார்ப்பான், சத்தம்தானே நம் உயிரைக் காப்பாற்றும் என்று. நானும் இதைப் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். 1981-இல் வெளியான ஹர்ட் அறிக்கையை அதற்குப் பிறகுதான் படித்தேன். ஹாரி ஹர்ட் என்கிற பேராசிரியரின் குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை அந்த அந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து எழுதியது. மோதவரும் ஆபத்தில் முக்கால்வாசிக்கு மேல் நேர்முன்னாலிருந்து இரு பக்கமும் 45 டிகிரிக்குள்தான் இருந்திருக்கிறது. நம் சத்தம் போவது பின்னால். முன்னால் திரும்பப்போகிற கார்க்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார், அவருக்கு நம் குழாய் கேட்கிற நேரத்தில் நாம் அவரைத் தாண்டியிருப்போம். நல்ல ஹெட்லைட், பளிச்சென்ற ஜாக்கெட், சரியான நேரத்தில் ஒரு ஹாரன் இவை செய்கிற வேலையை அந்த உறுமல் செய்யாது. ஹாரனை வேண்டும்போது அடிக்கிறோம், வேண்டாதபோது விடுகிறோம். குழாயை அப்படி நிறுத்த முடியாது, தூங்குகிற தெருவிலும் அது அதே பாட்டைத்தான் பாடும்.

சின்ன ஊர்களின் கெடுபிடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த சைலன்சரின் உண்மையான மதிப்பு அங்கேதான் தெரிகிறது.

பெரிய நகரத்தில் ஒரு சத்தமான வண்டி பத்தாயிரம் சத்தத்தில் ஒன்றாகக் கரைந்துபோகும் என்று நினைக்கிறோம், அதுகூடச் சரியில்லை. பாரிஸ் வட்டாரத்தில் ஒலியை அளக்கிற புரூயிபாரிஃப் என்ற அமைப்பின் கணக்குப்படி, சைலன்சர் மாற்றிய ஒரே ஒரு இருசக்கர வண்டி ராத்திரியில் பாரிஸைக் கடந்து போனால் பத்தாயிரம் பேர் வரை எழுப்பிவிடலாம். சின்ன ஊரில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே மற்றபடி அமைதி. மலை, ஒரே தெரு, ஏற்றம். ஏற்றத்தில் கியர் குறைக்க வேண்டும், ஆர்பிஎம் ஏறும். வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபெல் குறையும் என்பது கணக்கு, ஆனால் சுவர்களுக்கு நடுவில் அவ்வளவு குறையாது, பள்ளத்தாக்கில் எதிர்மலை அதைத் திருப்பி அனுப்பும். நமக்கு அந்த ஊர் இரண்டு நிமிடம். அவர்களுக்கு விடுமுறை நாள் முழுக்க ஒருவர் பின் ஒருவராக நாம் வந்துகொண்டே இருக்கிறோம். அதே ஊரில் தங்கும் விடுதிக்காரர், பெட்ரோல் பங்க்காரர், மெக்கானிக் எல்லோருக்கும் நாம் வேண்டும். அமெரிக்காவில் ஸ்டர்ஜிஸ் என்று சுமார் 7,000 பேர் வாழ்கிற ஒரு ஊர், 1938-இலிருந்து அங்கே நடக்கிற மோட்டார் சைக்கிள் திருவிழாவுக்கு ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் லட்சக்கணக்கில் வருகிறார்கள், ஊருக்கு அதில் வருமானமும் வருகிறது. இப்படி ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கிற விஷயம் இது, ஆகவே என்ன சட்டம் போட்டாலும் பாதிப் பேருக்கு வலிக்கும்.

ஆஸ்திரியாவில் டிரோல் மாநிலம் எடுத்த வழி கடுமையானது. ராய்ட்டே மாவட்டத்தின் சில மலைச் சாலைகளில், வண்டியின் பதிவுப் பத்திரத்தில் நின்ற நிலை ஒலி 95 டெசிபெலுக்கு மேல் என்று எழுதியிருந்தால் அந்த மோட்டார் சைக்கிள் சீசன் முழுக்க வரவே கூடாது என்று 2020 ஜூனில் ஆரம்பித்தார்கள். அதில் ஊர்க்காரர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பத்திரத்தில் உள்ள எண் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் அரை மீட்டர் தூரத்தில் அளந்தது, ஓடும்போது அந்த வண்டி எவ்வளவு சத்தம் போடும் என்பதை அது நேராகச் சொல்வதில்லை. எதையும் மாற்றாமல் நிதானமாக ஓட்டுகிற ஒருவர் பத்திரத்தில் 96 என்று இருப்பதால் திரும்பிப் போக வேண்டும், பத்திரத்தில் 93 என்று இருக்கிறவர் ஒவ்வொரு வளைவிலும் முறுக்கிக்கொண்டு போகலாம். பக்கத்தில் ஜெர்மனியிலும் அதே வருடம் மே மாதம் மாநிலங்களின் அவை, புதிய மோட்டார் சைக்கிள்கள் எந்த நிலையிலும் 80 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்று கேட்டுத் தீர்மானம் போட்டது, ஜூலையில் ஆயிரக்கணக்கான ரைடர்கள் தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள்.

பிரான்ஸ் போன வழி எனக்குப் பிடித்திருக்கிறது. பாரிஸுக்குத் தென்மேற்கே ஷெவ்ரேஸ் பள்ளத்தாக்கில் ஸான்-லாம்பேர்-தே-புவா என்று ஒரு சின்ன கிராமம், ரைடர்கள் விரும்பிப் போகிற பாதையில் இருக்கிறது. 2022 ஜனவரியில் அங்கே ஒலி ரேடார் ஒன்றை வைத்துச் சோதனையைத் தொடங்கினார்கள். கம்பத்தின் மேல் பல மைக்குகள், ஒலி ஒவ்வொரு மைக்குக்கும் வந்து சேர்கிற நேரத்தின் நுண்ணிய வித்தியாசத்தை வைத்து அது எங்கேயிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டு, கேமராவில் அந்த வண்டியின் மேல் புள்ளி வைத்துக் காட்டும். பத்து வண்டி சேர்ந்து வந்தாலும் கத்துகிற ஒன்றைத் தனியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். என் வாதமே இதுதான்: சாலையை மூடாதீர்கள், வண்டியை அளந்து பாருங்கள். கம்பெனி சைலன்சரோடு அமைதியாகப் போகிறவருக்கு எதிராக ஊர் திரும்பினால், அந்தக் கோபத்துக்குக் காரணம் என்னைப் போல நான்கு வருடம் ஓட்டியவர்கள்தான்.

கையில் மீட்டரோடு நிற்கிற பழைய முறையும் மோசமில்லை. அமெரிக்காவில் வாகனங்களுக்கான தரங்களை எழுதுகிற எஸ்.ஏ.இ அமைப்பின் ஜே2825 என்ற முறை இதற்காகவே எழுதப்பட்டது, அதே அரை மீட்டர், அதே 45 டிகிரி. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது, 92 டெசிபெல், ஆர்பிஎம்மை உயர்த்தி அளந்தால் மூன்று, நான்கு சிலிண்டர் வண்டிக்கு 100, மற்றவற்றுக்கு 96 என்று வரம்பு. அமெரிக்க ரைடர்களின் சங்கமான ஏ.எம்.ஏ-வே இந்த முறையைப் பின்பற்றச் சொல்கிறது, காது கேட்டதை வைத்துக் காவலர் மனம்போல எழுதுவதைவிட ஒரு எண் இருப்பது ரைடருக்கும் பாதுகாப்புத்தானே. என்னை நிறுத்திய அந்த ஊரின் சோதனையை ஒரு சேவையாக நினைத்து மதிப்பெண் போடச் சொன்னால் 5-க்கு 4 போடுவேன். முன்கூட்டியே பலகை, தகட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டது, மூன்று முறை அளந்தது, அளவைக் கண்ணில் காட்டியது, சரிசெய்ய நேரம் கொடுத்தது. ஒரு மதிப்பெண்ணைக் குறைப்பது, ரோட்டில் மற்ற வண்டிகள் போய்க்கொண்டிருக்கும்போதே அளந்ததற்கு. சுற்றுப்புறச் சத்தம் அளக்கிறதைவிட 10 டெசிபெலாவது குறைவாக இருக்க வேண்டும், ஒரு பஸ் கடக்கும்போது எடுத்த எண்ணை யாராவது மறுத்தால் நியாயம் அவர் பக்கம் போய்விடும்.

போன் ஆப்பில் அளந்து பார்த்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பாதீர்கள். இரண்டு நண்பர்களின் போனில் ஒரே ஆப்பை வைத்து ஒரே வண்டியை அளந்தோம், 7 டெசிபெல் வித்தியாசம். போன் மைக் பேச்சுக்காகச் செய்தது, 100-க்குப் பக்கத்தில் போனாலே அது திணறும். முன்பின் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் பயன்படும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், சைலன்சரை மாற்றியதோடு வேலை முடிந்துவிடாது. கம்பெனி குழாயோடும் 7,000 ஆர்பிஎம்மில் ஊருக்குள் போனால் ஜன்னல் ஆடத்தான் செய்யும். ஊர்ப் பலகை வந்ததும் ஒரு கியர் ஏற்றிவிடுகிறேன், ஆர்பிஎம் 3,000-க்குக் கீழே. கூட்டமாகப் போனால் ஊரைத் தாண்டும் வரை யாரும் ஓவர்டேக் செய்வதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். விடுதியிலிருந்து காலை ஐந்தரைக்குக் கிளம்பும்போது வண்டியை ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்து உடனே கிளம்புகிறோம், ஐந்து நிமிடம் நின்று சூடு பண்ணுகிற பழக்கத்தை விட்டுவிட்டோம். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அது தேவையும் இல்லை. ஐந்து பேரில் மூன்று பேர் குழாயை மாற்றியாகிவிட்டது. ஒருவன் டிபி கில்லரைத் திரும்பப் போட்டான், 98-க்கு இறங்கியது. இன்னொருவன் மாட்டேன் என்கிறான், அவனோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

என் ஸ்லிப்-ஆனை விற்கவில்லை. நல்ல விலைக்குக் கேட்டார்கள். வேறொரு வண்டியில் ஏறி வேறொரு தெருவில் அதே வேலையைத்தான் செய்யும், அதனால் கொடுக்க மனம் வரவில்லை.

கம்பெனி சைலன்சருக்கு என் மதிப்பெண் 5-க்கு நாலரை, பெட்டியைத் தள்ளி மாட்ட வேண்டியிருப்பதால் அந்த அரை குறைகிறது. கையில் இல்லாதவர்கள் பழையது வாங்குவதாக இருந்தால் மூன்று விஷயம் பாருங்கள். தூக்கி ஆட்டிப் பார்த்தால் உள்ளே எதுவும் உருளக்கூடாது, உருண்டால் உள்தகடு விட்டுப்போயிருக்கிறது. உள்ளே கேட்டலிடிக் கன்வர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கிற பகுதி) இருக்கிற மாடல் என்றால் டார்ச் அடித்துத் தேன்கூடு மாதிரி அந்தப் பகுதி முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள், அதை நோண்டி எடுத்துவிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். மேலே பொறித்த எண் உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் பொருந்துகிறதா என்றும் சரிபாருங்கள். கேஸ்கெட்டைப் பழையதே போதும் என்று விடாமல் புதிதாகப் போடுங்கள், 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு வண்டி ஆறியதும் கிளாம்ப் போல்ட்டை ஒரு முறை மறுபடி இறுக்குங்கள். நான் அதை மறந்துவிட்டு மூன்று நாள் புஸ் புஸ் என்று புகை கசிய ஓட்டினேன்.